தந்தியும் தாபான் பாலும்

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தந்தி என்ற சொல்லே வயிற்றைக் கலக்கும். பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டுக்கு அப்பால், இன்று செம்பனை மண்டிக்கிடக்கும் ஒரு பழைய ரப்பர்த் தோட்டத்தில், ஆபீஸ் பையன் தன் சைக்கிளை லயத்துப் பக்கம் திருப்புவதைக் கண்டால், அவன் கையில் இருக்கும் காகிதம் யாருக்கு வந்தது என்று தெரிவதற்கு முன்பே, என் பெரியம்மா அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் வந்து நின்றுகொள்வாள். கல்யாணத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் கடுதாசி போதும், சாவுக்கு மட்டுமே தந்தி என்பது அக்காலத்து வழக்கம். நாகப்பட்டினத்தில் ஏறி, ரஜூலா கப்பலின் அடித்தட்டில் ஒரு வாரம் வாந்தியும் மயக்கமுமாகக் கிடந்து தாங்கள் கடந்து வந்த அதே சமுத்திரத்தை, அந்த ஒரு வரிச் செய்தி சில மணி நேரத்தில் கடந்து வந்தது எவ்வாறு என்று லயத்தில் ஒருவரும் விசாரித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அழுவதற்கே பொழுது போதாதபோது விசாரணைக்கு ஏது நேரம்?

வெகுகாலம் கழித்து நான் அதை விசாரிக்கப் புகுந்தேன். இணையத்தின் சரித்திரத்தை எழுத வருகிறவர்கள் அமெரிக்க ராணுவ இலாகாவிலும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகங்களிலும் தொடங்குவது ஒரு சம்பிரதாயமாகிவிட்டது. அது பிழையென்று நான் சொல்லவில்லை. ஆனால் கண்டத்துக்குக் கண்டம் செய்தி பாய்வதற்குக் கடலடியில் ஒரு வடம் கிடந்தாக வேண்டும். அந்த வடத்துக்குத் தண்ணீர் புகாத ஒரு தோல் வேண்டும். அந்தத் தோல் முதன்முதலில் கிடைத்த இடம், நம் பேராக்கின் மலைச்சரிவுகள் உள்ளிட்ட மலாய்க் காடுகள்தாம்.

மலாய்க்காரர்கள் தாபான் என்று அழைக்கும் அந்த மரத்தின் இலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்புறம் செம்பொன் போல மின்னும். அதன் பால் உறைந்தால் கெத்தா பெர்ச்சா. வெந்நீரில் இட்டால் களிமண்ணாகக் குழைவதும், ஆறினால் மரக்கட்டையாக இறுகுவதும் அதன் இயல்பாகையால், காட்டில் வேலை செய்தவர்கள் அதைப் பாராங் கத்திக்குப் பிடியாகப் போட்டிருந்தார்கள். சிங்கப்பூரில் வைத்தியராக இருந்த வில்லியம் மாண்ட்கொமரி அதைக் கண்டு வியந்து, 1843இல் லண்டனுக்கு மாதிரிகளை அனுப்பினார். 1848இல் மைக்கேல் ஃபாரடே, மின்சாரத்தை வெளியே கசியவிடாமல் காக்கும் சக்தி இதற்கு உண்டு என்று எழுதினார். மூன்று வருஷங்களுக்குள், 1851இல், டோவருக்கும் கலேக்கும் நடுவே ஆங்கிலக் கால்வாயின் அடியில் கிடந்த செப்புக் கம்பி இந்தப் பாலைத்தான் போர்த்திக்கொண்டிருந்தது.

பால்மரம் வெட்டிப் பிழைத்த குடும்பத்தில் வந்தவனாதலால், ரப்பர்ப் பால் ஏன் இந்தக் காரியத்துக்கு ஆகவில்லை என்ற கேள்வி எனக்கு எழுந்தது இயல்பே. விடை வெகு விசித்திரமானது. இரண்டு பாலும் ரசாயனத்தில் ஒன்றேதான்: ஐந்து கரி அணுக்களும் எட்டு ஹைட்ரஜன் அணுக்களும் கொண்ட ஒரே கண்ணி, ஆயிரக்கணக்கில் கோத்த சங்கிலி. ரப்பரில் ஒவ்வொரு கண்ணியும் சங்கிலியை ஒரே பக்கமாக வளைப்பதால், அது சுருண்டு கிடந்து இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்குகிறது. கெத்தா பெர்ச்சாவிலோ கண்ணிகள் மாறி மாறி நிற்பதால், சங்கிலிகள் நேராகப் படுத்து, அடுக்கிய விறகு போல ஒன்றோடொன்று நெருங்கி இறுகிவிடுகின்றன. கடலின் குளிர்ச்சியிலும் அழுத்தத்திலும் ரப்பர் கெட்டுப்போயிற்று. தாபான் பாலோ கெடாமல் கிடந்தது. ஒரு வளைவு எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து ஒன்று மோட்டார் டயராயிற்று, மற்றொன்று உலகத்தின் நரம்புக்கு உறையாயிற்று.

1858இல் அட்லாண்டிக் சமுத்திரத்தின் குறுக்கே போட்ட வடம், விக்டோரியா மகாராணி அமெரிக்க ஜனாதிபதிக்கு அனுப்பிய 98 சொற்களைக் கொண்டுசேர்க்கப் பதினாறு மணி நேரம் எடுத்துக்கொண்டு, சில வாரங்களில் செத்துப்போயிற்று. 1866இல் போட்டது பிழைத்தது. நமக்கு நெருங்கிய சம்பந்தமுள்ளது அதன்பின் வந்த வடம்: 1870இன் கடைசியில் சென்னையிலிருந்து பினாங்குக்கும், அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கடலடி வடம் இழுக்கப்பட்டு, 1871 தொடக்கத்தில் தந்தி ஓடத் தொடங்கியது. என் பெரியம்மாவை வாசலுக்கு இழுத்துவந்த செய்திகளின் வழி அப்படிப் பிறந்தது.

இதற்குக் கொடுத்த விலையைக் காடு கொடுத்தது. ரப்பர் மரத்தின் பட்டையில் பால்நாளங்கள் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால், உளி ஓர் இடத்தில் கீறினாலும் சுற்றுவட்டாரத்துப் பால் ஓடிவந்து மங்கில் இறங்கும்; மறுநாள் மீண்டும் சுரக்கும். தாபான் மரத்திலோ பால் தனித்தனிப் பைகளில் அடைபட்டிருக்கிறது. கீறினால் சொட்டுச் சொட்டாக நின்றுவிடும். ஆகையால் மரத்தையே வீழ்த்தி, அடிமரம் நெடுக வளையம் வளையமாகப் பட்டையை வெட்டி எடுத்தார்கள். பூர்வகுடிகள் காட்டிலிருந்து கொண்டுவந்தார்கள், வியாபாரிகள் வாங்கிக் கப்பலேற்றினார்கள், சிங்கப்பூர்த் தீவில் 1850களுக்குள்ளேயே அம்மரம் அருகிப்போயிற்று. தீபகற்பத்திலும் நல்ல ஜாதி மரங்களைத் தேடி அலைய வேண்டியதாயிற்று. பிறகு, பேராக்கின் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ, 1877இல் கோலகங்சாரில் தம் வாசஸ்தலத்துத் தோட்டத்தில் பிரேசில் தேசத்து ரப்பர்க் கன்றுகளை நட்டார். அவற்றுள் எஞ்சிய கிழமரம் ஒன்று அவ்வூரில் வேலிக்குள் நிற்கிறது. அதைத் தொடர்ந்து காடழித்து ரப்பர் வந்தது. ரப்பருக்காகத் தமிழர் வந்தார்கள்.

இனி அமெரிக்காவுக்குப் போகலாம். அங்கே அதிகம் தங்க வேண்டியதில்லை. டெலிபோனில் இருவர் பேசும்வரை ஒரு கம்பி அவ்விருவருக்கே சொந்தம். 1960களில் அமெரிக்காவில் பால் பாரனும் இங்கிலாந்தில் டொனால்ட் டேவிஸும் ஒருவரையொருவர் அறியாமலே வேறொரு வழியைக் கண்டார்கள். ஈப்போவின் புந்தோங்கில் கச்சாங் பூத்தே போடுகிறவர் ஒரு மூட்டைக் கடலையைப் பினாங்குக்கு அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மூட்டையாக அனுப்பாமல் சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டி, ஒவ்வொன்றின் மீதும் சேருமிடத்தையும் வரிசை எண்ணையும் எழுதி, கிடைக்கிற வண்டியில் எல்லாம் ஏற்றிவிடுகிறார். ஒன்று கோலகங்சார் வழி போகும், ஒன்று நெடுஞ்சாலையில் பறக்கும், ஒன்று கடலோரமாகச் சுற்றும். பினாங்குக்காரர் எண்ணைப் பார்த்து அடுக்கிக்கொள்கிறார். பதினேழாவது பொட்டலம் வரவில்லையென்றால் அதை மட்டும் திரும்பக் கேட்கிறார். ஒரு பாலம் உடைந்தாலும் வியாபாரம் நிற்பதில்லை. 1969 அக்டோபர் 29ஆம் தேதி, லாஸ் ஏஞ்சலீஸ் பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிலையத்துக்கு இம்முறையில் ஒரு சொல்லை அனுப்பப்போய், இரண்டெழுத்து சேர்ந்தவுடன் எந்திரம் படுத்துவிட்டது என்பது, எல்லா நல்ல காரியங்களின் தொடக்கமும் இப்படித்தான் என்று எண்ணத்தக்க ஒரு வேடிக்கை. பொட்டலத்தின் மேல் எழுதவேண்டிய முறையை விண்ட் செர்ஃபும் பாப் கானும் 1974இல் வகுத்தார்கள். 1983 ஜனவரி முதல் நாள் அது அந்த அமெரிக்க வலை முழுவதிலும் சட்டமாயிற்று. டிம் பெர்னர்ஸ் லீ ஜெனிவாவில் 1989இல் யோசித்த வையவிரிவு வலையை, அவருடைய ஸ்தாபனம் 1993இல் உலகுக்கு இலவசமாக விட்டுக்கொடுத்தது. மலேசியாவில் மைமோஸ் ஸ்தாபனத்தின் முயற்சியால் 1987இல் பல்கலைக்கழகங்களை இணைக்கும் ராங்கோம் வலையும், 1992இல் ஜாரிங் சேவையும் பிறந்தன.

மேகத்தில் இருக்கிறது, காற்றில் வருகிறது என்று இளைஞர்கள் சொல்லுகிறார்கள். கைப்பேசிக்கும் கோபுரத்துக்கும் நடுவே உள்ள தூரம்தான் காற்று. மற்றதெல்லாம் மண்ணும் கடலும். தாபான் பாலுக்குப் பதில், 1933இல் இங்கிலாந்தில் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்ட பாலித்தீன் வந்தது. செம்புக்குப் பதில் கண்ணாடி இழை வந்தது. ஆயினும் ஆழ்கடலில் கிடக்கும் வடம் இன்றும் பூச்செடிக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர்க் குழாயின் பருமன்தான். ஒளியை இடையிடையே ஊக்கப்படுத்தும் கருவிகளுக்கு மின்சாரம் அதனூடே ஓடுவதால், அந்தப் பாலித்தீன் உறை பழைய தாபான் பாலின் உத்தியோகத்தையே பார்க்கிறது. 'வங்காள விரிகுடா வாயில்' என்று பெயரிட்ட ஒரு வடம் சென்னையிலும் பினாங்கிலும் கரையேறுகிறது. 1870இல் கப்பல்கள் வடம் இறக்கிச் சென்ற அதே கடலை, ஒளி ஒரு வினாடியின் நூறில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமான நேரத்தில் தாண்டிவிடுகிறது. நம் கிந்தா பள்ளத்தாக்கின் ஈயத்துக்கும் இதில் பங்குண்டு: வெள்ளீயப் பற்று இல்லாமல் எந்த மின்னணுப் பலகையிலும் எந்த உறுப்பும் ஒட்டி நிற்பதில்லை. 1985இல் ஈயத்தின் விலை விழுந்து சுரங்கங்கள் மூடின. தஞ்சோங் துவாலாங்கில் 1938இல் கட்டிய ஈயக்கப்பல் இன்று உல்லாசப் பிரயாணிகள் ஏறிப் பார்க்கும் காட்சிப் பொருள்.

பாலும் ஈயமும் கொடுத்த பூமிக்கு வடத்தின் மறுமுனை எப்போது வந்து சேர்ந்தது என்பதுதான் என் மனக்குறை. சுங்கை சிப்புட்டில் 1919இல் பிறந்த துன் சம்பந்தன் 1960களில் பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்பு அமைச்சராக இருந்தார். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது தொழிலாளர்களின் சிறுபணத்தைத் திரட்டித் தோட்டம் வாங்கக் கூட்டுறவுச் சங்கம் கண்டவரும் அவரே. அப்படியிருந்தும் எங்கள் தோட்டத்தில் டெலிபோன் என்பது துரை பங்களாவிலும் ஆபீசிலும் இருந்த கறுப்புப் பெட்டிதான். கிராணியின் தயவில்லாமல் அதைத் தொட முடியாது. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் மூடியபோது, அந்தப் பக்கம் செம்மண் பாதையின் மேட்டில் ஒரு சிறுமி நெகிழி நாற்காலி போட்டு உட்கார்ந்து, மடியில் அண்ணனின் கைப்பேசியை வைத்துக்கொண்டு பின்னக்கணக்குப் பாடம் கேட்டதைப் பார்த்தேன். தகப்பன் குடை பிடித்து நின்றார். "இந்த மேட்டை விட்டா லயன்ல ஒரு கோடுகூட வராதுங்க ஐயா" என்றார். அவ்வருஷமே சபாவில் ஒரு மாணவி பரீட்சைக்காக மரத்தின் மேல் இராத்தங்கினாள் என்ற செய்தி வந்தது. மரத்திலிருந்து தொடங்கிய கம்பிக்காக மனிதர் மரமேற வேண்டியிருந்தது!

கிடைத்தவர்களுக்கோ அது பெரும் பாக்கியமாகவே இருக்கிறது. தமிழ் எழுத்து கணினியில் ஏறியதில் இந்தப் பக்கத்து ஆட்களின் பங்கு பெரிது: சிங்கப்பூர் நா. கோவிந்தசாமியும், முரசு மென்பொருளைப் படைத்த நம் முத்து நெடுமாறனும் உழைத்திராவிட்டால், 2001இல் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியிருக்காது. நாமும் ஒருவருக்கொருவர் ஆங்கில எழுத்தில் தமிழைக் கொலை செய்துகொண்டிருப்போம். (இன்னும் செய்கிறோம், அது எந்திரத்தின் குற்றமன்று.) புந்தோங்கில் முன்பு தலையில் தட்டு வைத்து விற்ற பலகாரம், இப்போது கைப்பேசியில் கேட்டவர்களுக்கெல்லாம் பெட்டி பெட்டியாகப் போகிறது. தீபாவளிக்கு முந்தைய வாரம் அங்கே போய்ப் பார்த்தால், முறுக்குச் சுடுகிறவர்களுக்குச் சமமாக முகவரிச் சீட்டு ஒட்டுகிறவர்களும் உட்கார்ந்திருப்பார்கள்.

தீமையைப் பற்றி நான் வெளியாள் போலப் பேச முடியாது. சென்ற வருஷம் ஒரு காலை, என் பெயருக்கு வந்த பார்சலில் கள்ளப் பொருள் இருப்பதாகவும் நீதிமன்றத்தில் வழக்கு நிற்பதாகவும் சுத்தமான மலாயில் ஒருவன் பேச, நான் கை நடுங்கி வங்கிக் கணக்குப் புத்தகத்தைத் தேடத் தொடங்கிவிட்டேன். பேரன் வந்து போனைப் பிடுங்கி, "தாத்தா, இது மக்காவ் மோசடி" என்றான். ஏமாறுகிறவர்கள் மூடர்கள் என்று அதற்கு முதல்நாள் வரை நினைத்திருந்தவன் நான். இதைவிடக் கொடியது சூதாட்டம் என்பது என் அபிப்பிராயம். தோட்டத்துக் கள்ளுக்கடை எத்தனையோ குடும்பங்களைக் குடித்தது. ஆயினும் அதற்கு ஒரு கதவும் பூட்டும் உண்டு, சாயங்காலம் பூட்டினால் குடித்தவன் வீட்டுக்குத்தான் வரவேண்டும். கைப்பேசிக்குள் இருக்கும் சூதாட்டக் கடைக்குப் பூட்டு இல்லை. பக்கத்திலேயே ஆலோங்கின் கடன் கடையும் இரவு முழுவதும் திறந்திருக்கிறது. சம்பளத் தேதியில் சம்பளம் வீட்டுக்கு வராத கதை லயத்துக்குப் புதிதன்று. முன்பு அது கள்ளுக்கடை வாசலில் எல்லாருக்கும் தெரிந்தது, இப்போது போர்வைக்குள் நடப்பதால் மனைவிக்குக்கூடத் தெரிவதில்லை.

பெரியம்மாவுக்கு எண்பது கடந்துவிட்டது. புந்தோங்கில் மகன் வீட்டில் இருக்கிறாள். பெரட்டுக்குப் போன காலத்துப் பழக்கத்தில் நாலு மணிக்கே எழுந்துவிடுவாள். போன மாதம் நான் அங்கே தங்கியிருந்தபோது, விடியும் முன் அவளுடைய கைப்பேசி மணியடித்தது. தஞ்சாவூரில் இருக்கும் தங்கை பேத்தி. பெரியம்மா அதைக் கையில் எடுக்கவில்லை. அடுப்படியில் நின்றபடியே, "தம்பி, என்னான்னு பாரு" என்றாள்.

"ஒண்ணுமில்ல பெரியம்மா, முருகன் படம். காலை வணக்கம் போட்டிருக்கா."

"படம் தினமும் வரும். அதுக்குக் கீழ வேற ஏதாச்சும் எழுதியிருக்கான்னு பாரு."

கீழே ஒன்றுமில்லை என்று இரண்டு முறை சொன்ன பிறகுதான் அடுப்பைப் பற்றவைத்தாள்.