அமிட்ரிப்டிலின்

அமிட்ரிப்டிலின் என்பது முவ்வளைய மனச்சோர்வு நீக்கிகள் எனப்படும் மருந்து வகையைச் சேர்ந்தது. மூலக்கூறில் மூன்று வளையங்கள் இணைந்திருப்பதால் இவ்வகைக்கு இப்பெயர் ஏற்பட்டது. 1961ஆம் ஆண்டு அமெரிக்காவில் பயன்பாட்டுக்கு வந்த இம்மருந்து, உலக சுகாதார அமைப்பின் இன்றியமையாத மருந்துகள் பட்டியலிலும் இடம்பெற்றுள்ளது.

நரம்பு முனைகள் வெளியிடும் செரட்டோனின், நார்எபிநெப்ரின் ஆகியவற்றை அம்முனைகளே மீண்டும் உறிஞ்சிக்கொள்வதை இது தடுக்கிறது. கல்லீரலில் இதன் ஒரு பகுதி நார்ட்ரிப்டிலினாக மாறுகிறது. அதுவும் ஒரு மனச்சோர்வு நீக்கியே.

பயன்கள்

மனச்சோர்வுக்கென அறிமுகமானாலும், இன்று நீரிழிவால் வரும் நரம்புவலி, அக்கிக்குப் பின் நீடிக்கும் வலி, ஒற்றைத் தலைவலித் தடுப்பு ஆகியவற்றுக்கும் இது பரவலாகத் தரப்படுகிறது. கால் எரிச்சலுக்கு மாத்திரை வாங்கியவர் மருந்துத்தாளில் 'மனச்சோர்வு' என்று கண்டு திகைப்பதுண்டு. அது தவறான மருந்து அல்ல. வலிக்கு வழக்கமாக இரவில் 10 அல்லது 25 மில்லிகிராமில் தொடங்குவர். மனச்சோர்வுக்கு அளவு இதைவிடப் பல மடங்கு தேவைப்படலாம். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்.

பக்கவிளைவுகள்

வாய் உலர்தல், மலச்சிக்கல், மங்கலான பார்வை, சிறுநீர் கழிப்பதில் சிரமம் ஆகியன அசிட்டைல்கோலின் தடைபடுவதால் வருபவை. ஹிஸ்டமின் தடைபடுவதால் தூக்கமும் எடை கூடுதலும் ஏற்படும். எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் குறைந்து முதியோர் விழக்கூடும். அண்மையில் மாரடைப்பு வந்தவர்களுக்கு இம்மருந்து கூடாது. சிலவகைக் கண் அழுத்த நோய், புரோஸ்டேட் வீக்கம் உள்ளோர் அதை மருத்துவரிடம் முன்பே சொல்ல வேண்டும். மோனோஅமைன் ஆக்சிடேஸ் தடுப்பிகளை நிறுத்தி 14 நாட்கள் கழித்தே இதைத் தொடங்கலாம். மது மயக்கத்தைக் கூட்டும்.

மிகையளவு

இம்மருந்தின் பெரிய குறை இதுவே. தற்கொலை எண்ணம் எழக்கூடிய நோய்க்குத் தரப்படும் மருந்து, அளவு மீறினால் உயிரையே பறிக்கும். இதயத் தசையின் சோடியம் வழிகள் அடைபட்டு இதயத்துடிப்பு சீர்குலையும். வலிப்பும் ஆழ்மயக்கமும் வரலாம். தொடக்கத்தில் நன்றாகத் தெரிபவரின் நிலையும் சில மணி நேரத்துக்குள் மோசமாகலாம் என்பதால், அறிகுறிக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். அங்கு ஈசிஜி மூலம் இதயத்தைக் கண்காணித்து, சோடியம் பைகார்பனேட்டை நரம்புவழி செலுத்துவர். செரட்டோனினை மட்டும் குறிவைக்கும் புதிய மருந்துகளில் இந்த ஆபத்து குறைவு. மனச்சோர்வுக்கு அவை முதலில் தரப்பட இது ஒரு முக்கியக் காரணம்.

24 வயது வரையுள்ளோரிடம் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்ற எச்சரிக்கை அமெரிக்க மருந்துத்தாளில் உள்ளது. அந்நாட்களில் குடும்பத்தார் கவனமாக இருப்பதும், சில நாட்களுக்கான மாத்திரையை மட்டும் வாங்கி வைப்பதும் நல்லது. குழந்தைகள் கைக்கு எட்டக்கூடாது. நீண்ட நாள் உட்கொண்டவர் திடீரென நிறுத்தினால் குமட்டல், தலைவலி, தூக்கமின்மை வரும் என்பதால், மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைப்பார்.