வீடியோவில் வரும் முகம்

ஒருவர் உடலில் இன்னொருவர் முகத்தை ஒட்டும் வித்தை சினிமாவுக்குப் புதிதல்ல. 1993ல் வெளிவந்த ‘ஜுராசிக் பார்க்’ படத்தில், கூரையிலிருந்து தொங்கிய டூப் நடிகை கேமராவைப் பார்த்துவிட்டதால், அந்த முகத்தின் மேல் சிறுமியாக நடித்தவரின் முகத்தைக் கம்ப்யூட்டரில் பொருத்தினார்கள். அன்று அது பெரிய நிபுணர்களின் வேலை. இன்று எடிட்டிங் பழகும் பையன்களே செய்கிறார்கள்.

எங்கள் பேரனும் எங்கள் முகத்தை ஒரு நடனக்காரர் உடலில் வைத்துக் காட்டினான். வீடே சிரித்தது. கற்றுக்குட்டி வேலை என்பதால் தாடை ஓரம் மங்கலாயிருந்தது. வெளிச்சம் ஒரு பக்கமும் நிழல் பொருந்தாமலும் இருந்தது. கை குறுக்கே வந்தபோது முகம் நழுவியது. கைதேர்ந்தவன் செய்தால் இக்குறைகள் கண்ணில் படா.

2024ல் ஹாங்காங்கில் ஒரு பிரிட்டன் நிறுவனத்தின் கிளை ஊழியருக்கு, தலைமை நிதி அதிகாரி பெயரில் பணம் அனுப்பச் சொல்லித் தகவல் வந்தது. முதலில் அவர் சந்தேகப்படத்தான் செய்தார். பிறகு வீடியோ கூட்டத்தில் அதிகாரியையும் தெரிந்த சகாக்களையும் கண்டதும் நம்பிவிட்டார். அவரைத் தவிர அத்தனை முகமும் போலி! 15 தடவையாக 5 வங்கிக் கணக்குகளுக்குப் போன தொகை சுமார் 20 கோடி ஹாங்காங் டாலர்.

முகம் பார்த்தே கொடுக்கல் வாங்கல் செய்து பழகியவர்கள் நாம். எங்கள் மண்டியில் இப்போது வீடியோவில் யார் புதுக் கணக்கு எண் சொன்னாலும் அழைப்பைத் துண்டித்து, எங்களிடம் குறித்து வைத்துள்ள பழைய நம்பருக்கு நாங்களே போன் செய்கிறோம். பருப்பு ஆலைக்காரர் ஒருவர், “என் முகத்தையே நம்பவில்லையா அண்ணாச்சி?” என்று வருத்தப்பட்டார். பழைய நம்பரில் பேசிய பிறகே அவருக்கும் பணம் போட்டோம்.