பெட்டிக்குள் ஒரு பெட்டி

தில்லியில் முப்பது, நாற்பது ஆண்டுகளாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், பரணில் ஒரு பழைய கம்ப்யூட்டர் உறங்கிக்கொண்டிருக்கும். பக்கத்தில் ஒரு பிஸ்கட் டப்பாவில் ஃபிளாப்பிகள். கபாடிவாலாவிடம் எடைக்குப் போட மனம் வராது. காரணம், தொண்ணூறுகளில் நம்மவர்கள் ஆசை ஆசையாகத் தமிழில் தட்டெழுதிய காலம் அது. தாத்தாவின் நினைவுக் குறிப்புகள், குலதெய்வம் பற்றிய விவரங்கள், அம்மா எழுதிவைத்த சமையல் பக்குவங்கள், சங்கத்து விழா மலர்கள் என்று எத்தனையோ அதற்குள் இருக்கின்றன. இன்றைய கம்ப்யூட்டரில் அவற்றைத் திறந்தால் ஒன்று திறக்கவே திறக்காது, அல்லது பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகக் கொட்டும்.

அவற்றை மீட்க வழி இருக்கிறது. அந்த வழியின் நடுவே, பலரும் கவனிக்காத சிறிய மென்பொருள் ஒன்று நிற்கிறது. அதன் பெயர் கிராஃபிக்ஸ் டிரைவர்.

முதலில் நோயைப் பார்ப்போம். யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்துவிட்டது என்றாலும், அது வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின. அதுவரை எழுத்துரு செய்தவர்கள் ஆங்கில எழுத்துக்களின் இடங்களில் தமிழ் எழுத்துக்களை உட்கார வைத்தார்கள். பாமினி எழுத்துருவில் ஆங்கிலச் சின்ன எஃப் இருக்கும் இடத்தில் நமது ‘க’ இருக்கும். வேறொரு எழுத்துருவில் அதே இடத்தில் வேறொன்று இருக்கும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் டாம், டாப் என்ற தரக் குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் வகுக்கப்பட்டன. ஆனால் அதற்கு முன்பு தட்டெழுதியவை அப்படியே நின்றுவிட்டன. மலர்களைப் பக்கம் அமைக்கப் பயன்பட்ட பேஜ்மேக்கர் மென்பொருளும் 2001-இல் வந்த ஏழாம் பதிப்போடு முடிந்துபோயிற்று.

ஆகவே கோப்பை அந்தக் காலத்து விண்டோஸிலேயே, அந்தக் காலத்து எழுத்துருவோடு திறந்து கண்ணால் பார்ப்பதே நம்பகமான வழி. பழைய பெட்டியோ உயிர் பெறுவதாக இல்லை. இங்கேதான் ‘மெய்நிகர் கணினி’ உதவுகிறது. ஒரு கம்ப்யூட்டருக்குள், மென்பொருளாலேயே இன்னொரு கம்ப்யூட்டரைப் படைப்பதுதான் அது.

கரோல் பாக்கில் பர்சாத்தியில் குடியிருந்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. மொட்டைமாடி அறையில் குடியிருப்பவருக்குத் தனிக் கதவு, தனிச் சமையல். ஆனால் தண்ணீரும் மின்சாரமும் வீட்டுக்காரர் வழியாகத்தான் வரவேண்டும். கம்ப்யூட்டர்காரர்களும் வெளியே இருப்பதை ‘வீட்டுக்காரர்’ என்ற பொருளிலும், உள்ளே இருப்பதை ‘விருந்தாளி’ என்ற பொருளிலும்தான் அழைக்கிறார்கள். உள்ளே ஓடும் விண்டோஸ் 98 தனக்கென்று ஒரு முழு இயந்திரம் இருப்பதாக எண்ணிக்கொள்ளும். உண்மையில் அதற்கென்று திரையும் கிடையாது, திரையில் படம் வரையும் கிராஃபிக்ஸ் அட்டையும் கிடையாது. அட்டை போன்ற ஒரு வேடத்தைத்தான் வீட்டுக்காரர் காட்டுகிறார்.

அந்த வேடத்தோடு பேச விருந்தாளிக்கு ஒரு துபாஷி வேண்டும். புதுச்சேரியில் துய்ப்ளேக்கும் ஊராருக்கும் நடுவே ஆனந்தரங்கப் பிள்ளை நின்றாரல்லவா, அதுபோல. டிரைவர் என்பது அந்தத் துபாஷிதான். “இந்த எழுத்தை இங்கே, இந்த நிறத்தில் போடு” என்று விண்டோஸ் சொல்வதை, அட்டைக்குப் புரியும் மொழியில் அது எடுத்துச் சொல்லும். துபாஷி கிடைக்காவிட்டால் விண்டோஸ் 98 வெறும் கைச்சாடைக்கு இறங்கிவிடும். அதாவது, ஐ.பி.எம். 1987-இல் கொண்டுவந்த வி.ஜி.ஏ. முறைக்கு. குறுக்கே 640 புள்ளி, நெடுக்கே 480 புள்ளி, மொத்தம் 16 நிறங்கள். அவ்வளவுதான்.

இது எவ்வளவு பெரிய இடைஞ்சல் என்பதை ஒரு நண்பருக்கு உதவப் போனபோது நேரில் பார்த்தேன். அவருடைய தகப்பனார் ஐம்பதுகளில் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் தில்லிக்கு வந்து, குமாஸ்தாவாகச் சேர்ந்து, கடைசிவரை இங்கேயே வாழ்ந்து மறைந்தவர். ஓய்வு பெற்றபின் தம் கதையைப் பேஜ்மேக்கரில் தாமே தட்டெழுதி, புகைப்படங்களையும் சேர்த்துவைத்திருந்தார். அச்சில் ஒரு பிரதிகூட இல்லை. ஒரு கடைக்காரர் பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப் போடச் சொல்லிவிட்டார். நல்லவேளையாக அது படிக்கிற நிலையில்தான் இருந்தது. அதிலிருந்து பிரதி எடுத்து, விர்ச்சுவல்பாக்ஸில் விண்டோஸ் 98-ஐ நிறுவினோம். ஓடியது. ஆனால் 16 நிறத்தில் புகைப்படங்கள் திட்டுத்திட்டாய்க் கறை படிந்தன. முழுப் பக்கத்தைத் திரையில் கொண்டுவந்தால் புள்ளிகள் மறைந்து, ‘க்’ எது ‘க’ எது என்று தெரியவில்லை. பெரிதாக்கினால் ஒரு பத்தியின் மூலைதான் தெரிந்தது.

காரணம் இதுதான். விர்ச்சுவல்பாக்ஸ் ஜெர்மனியின் இன்னோடெக் நிறுவனம் 2007 ஜனவரியில் திறந்த மூலமாக வெளியிட்ட மென்பொருள். பிற்பாடு அது சன் நிறுவனத்துக்கும், 2010-இல் ஆரக்கிளுக்கும் கைமாறியது. அதனோடு வரும் டிரைவர் தொகுப்பில் விண்டோஸ் 95, 98-க்கு இடமில்லை. விண்டோஸ் 98-க்கு மைக்ரோசாஃப்டே 2006 ஜூலையில் ஆதரவை முடித்துக்கொண்ட பிறகு, அதற்கு டிரைவர் எழுத எந்த நிறுவனம் செலவு செய்யும்?

வழி இரண்டு உண்டு. முதல் வழி, துபாஷியைத் தேடாமல் அட்டையின் வேடத்தையே மாற்றுவது. பிரான்ஸைச் சேர்ந்த ஃபப்ரீஸ் பெல்லார் 2003-இல் வெளியிட்ட க்யூஎமு என்ற திறந்த மூல மென்பொருள், தொண்ணூறுகளில் புழங்கிய சிர்ரஸ் லாஜிக் ஜி.டி. 5446 அட்டையைப் போலவே நடிக்கும். அந்த அட்டைக்கான டிரைவர் விண்டோஸ் 98-இன் சி.டி.யிலேயே இருக்கிறது. பழைய சிநேகிதரைக் கண்டதுபோல் விண்டோஸ் உடனே அடையாளம் கண்டுகொள்ளும். நாங்கள் செய்ததும் இதைத்தான். 1024-க்கு 768 புள்ளியில், 65,536 நிறங்களில் திரை மலர்ந்தபோது, 1962-இல் இந்தியா கேட் முன்பு எடுத்த படத்தில் நண்பரின் அம்மாவுடைய முகம் தெளிவாகத் தெரிந்தது.

இரண்டாம் வழி, புதிதாக ஒரு துபாஷியை உருவாக்குவது. சாஃப்ட்ஜிபியு என்ற திறந்த மூலத் திட்டம், விண்டோஸ் 95, 98 விருந்தாளிகளுக்கென்றே டிரைவர் தருகிறது. விர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர், க்யூஎமு மூன்றிலும் அது வேலை செய்யும். முப்பரிமாணப் படம் வரைய அது மேசா என்ற நூலகத்தைப் பயன்படுத்துகிறது. பிரையன் பால் என்ற அமெரிக்கர் 1993-இல் எழுதத் தொடங்கி 1995-இல் வெளியிட்ட அதே மேசாதான். ஒருவர் எழுதித் திறந்துவைத்தது, கால் நூற்றாண்டு கழித்து, யாரும் லாபம் பார்க்க முடியாத ஒரு வேலைக்குப் பயன்படுகிறது. நம் பக்கத்தில் வழிப்போக்கருக்கென்று சாலையோரம் சுமைதாங்கிக் கல் நட்டுவைப்பார்களே, அதைப்போல.

மூடிய டிரைவரின் கதை வேறு. வீட்டின் கிராஃபிக்ஸ் அட்டையையே விருந்தாளியிடம் முழுதாக ஒப்படைக்கும் முறை ஒன்று உண்டு. என்விடியாவின் ஜீஃபோர்ஸ் அட்டைகளை இப்படிக் கொடுத்தால், தான் மெய்நிகர் கணினிக்குள் இருப்பதை அறிந்து அதன் விண்டோஸ் டிரைவர் வேலை செய்ய மறுத்துவந்தது. 2021-இல் அந்நிறுவனமே மனம் மாறி அனுமதிக்கும்வரை, காசு கொடுத்து அட்டை வாங்கியவர்கள் குறுக்கு வழிகளைத்தான் நாட வேண்டியிருந்தது. மூலம் திறந்திருந்தால் யாராவது ஒருவர் அந்த வரியைத் திருத்தியிருப்பார்.

லினக்ஸ் விருந்தாளிக்கு இந்தக் கவலைகள் குறைவு. ரெட் ஹாட் பொறியாளர் டேவ் ஏர்லியின் உழைப்பில் பிறந்த விர்டியோ-ஜிபியு டிரைவர் 2015-இல் லினக்ஸின் கருவிலேயே சேர்ந்துவிட்டது. விர்ச்சுவல்பாக்ஸுக்கான திரை டிரைவரும் 2017-இல் உள்ளே வந்தது. சென்னை சி-டாக் உருவாக்கி 2007-இல் வெளிவந்த பாஸ் லினக்ஸும் இந்தக் கருவின்மேல் நிற்பதுதான். 2011-இல் தமிழக அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்திலும் அது இடம்பெற்றது. மத்திய அரசும் 2015 மார்ச்சில், மின்னாளுமைத் திட்டங்களில் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை வெளியிட்டது. அலுவலக ஆவணங்கள் நீண்டகாலம் படிக்கக்கூடியதாக இருக்கவேண்டும் என்பதற்குச் சொல்லும் நியாயம், வீட்டு ஆவணங்களுக்கும் பொருந்தாதா?

முயல விரும்பும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள். பழைய டிஸ்க்கை நேரடியாகக் கிண்டாமல், முதலில் முழுப் பிரதி எடுத்துவிடுங்கள். ஐ.டி.இ. டிஸ்க்கையும் ஃபிளாப்பியையும் யு.எஸ்.பி. வழியே இணைக்கும் சாதனங்கள் உண்டு, நேரு பிளேஸில் விசாரியுங்கள். விண்டோஸ் 98 இன்றும் உரிமம் உள்ள பொருளே. ஆகவே உங்கள் பழைய சி.டி.யையே பயன்படுத்துங்கள். விருந்தாளிக்கு இணையத் தொடர்பு தராதீர்கள், வைரஸைத் தடுக்கும் வலு அதற்குக் கிடையாது. எழுத்துருக் கோப்பையும் மறக்காமல் எடுத்துவையுங்கள், பிறகு எங்கும் கிடைக்காமல் போகலாம். திரையில் எழுத்து சரியாகத் தெரிந்ததும் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். ஓபன்-தமிழ் என்ற திறந்த மூலத் தொகுப்பில் பழைய குறியீடுகள் பலவற்றை மாற்றும் வசதி இருக்கிறது. மாற்றியதை ஒருமுறை பழைய திரையோடு ஒப்பிட்டுப் படியுங்கள். வீட்டுப் பிள்ளைகளையும் உடன் உட்கார வையுங்கள். கம்ப்யூட்டர் அவர்களுக்குத் தெரியும், அந்த எழுத்து உங்களுக்குத் தெரியும். இரண்டும் சேர்ந்தால்தான் வேலை முடியும்.

ஃபிளாப்பியின் காந்தப் பூச்சு ஆண்டுக்கு ஆண்டு மங்கிக்கொண்டே வருகிறது. துபாஷிகள் தயாராக இருக்கிறார்கள். இந்தக் கோடை விடுமுறையிலேயே பரணில் ஏணி போடலாமே!