முதிய நாய்க்குக் காப்புறுதி

நாய்க்குக் காப்புறுதி என்றதும் நேயர்களிற் சிலர் நகைக்கக்கூடும். இலண்டனில் உறவினரை உடையோருக்கு இது புதுமையாக இராது. பிரித்தானியாவில் மனிதருக்கு 1948ஆம் ஆண்டு முதல் அரசாங்கத்தின் இலவச வைத்தியசேவை உண்டு. நாய்க்கு அஃது இல்லை. பெரிய சத்திரசிகிச்சை ஒன்றுக்கு ஆயிரக்கணக்கான பவுண் செல்லும். குணமாக்கக்கூடிய நோயாயினும், பணமின்மையால் ஊசியேற்றி நாயின் உயிரை நீக்கும் கொடுமை அங்கே நிகழாமலில்லை. காப்புறுதியை நாடுவோர் அஞ்சுவது இதற்கே.

குட்டியாக இருக்கும்போது காப்புறுதி பெறுவது எளிது. எட்டு, ஒன்பது வயது நாய்க்கோ பல கம்பனிகள் புதிதாகப் பத்திரம் வழங்குவதில்லை. பேருருவ இனங்கள் விரைவில் மூப்படைவதால் அவற்றுக்கு வயதெல்லை இன்னும் குறைவு. எல்லா வயதினையும் ஏற்கும் கம்பனிகளும் உள, கட்டணம் அதிகம்.

இங்கே கவனிக்கவேண்டியது கட்டணம் மட்டுமன்று. பத்திரம் எடுப்பதற்கு முன்பே தோன்றிய நோய்க்குப் பெரும்பாலும் பணம் கிடையாது. நோய்க்குப் பெயர் இடப்பட்டிருக்க வேண்டும் என்பதும் இல்லை. “சற்று நொண்டுகிறது” என மிருக வைத்தியர் என்றோ எழுதிவைத்த ஒரு வரியே போதும். ஒரு பின்னங்காலின் மூட்டுநார் முன்னர் அறுந்திருந்தால், மற்றக் காலுக்கும் உதவி மறுக்கும் பத்திரங்கள் பல. ஆதலின் வைத்தியரிடமுள்ள குறிப்பேட்டின் பிரதியை முதலிற் பெற்று வாசித்தல் நன்று. அதில் உள்ளவற்றை மறைத்து விண்ணப்பிப்பது வீண். பணம் கோரும்போது கம்பனி அதே குறிப்பேட்டைத்தான் வரவழைக்கும்.

முதிய நாயின் சொந்தக்காரர் செலவில் ஒரு பங்கைத் தாமே ஏற்கவேண்டும் என்பதும் பொதுவான நிபந்தனை. உதாரணமாகச் செலவு 1,000 பவுண் என்போம். முதல் 100 பவுண் சொந்தக்காரருடையது. எஞ்சிய 900இல் நூற்றுக்கு 20 வீதம், அதாவது 180 பவுண், அதுவும் அவருடையதே. கம்பனி தருவது 720. மலிவான பத்திரம் என்று மகிழுமுன் இக்கணக்கைப் போட்டுப் பார்த்தல் வேண்டும்.

பத்திரங்களிலும் பேதம் உண்டு. ஒருவகைப் பத்திரம் ஒரு நோய்க்குப் பன்னிரண்டு மாதம் மட்டுமே பணம் தரும். பின்னர் அந்நோய் விலக்கப்படும். நீரிழிவு, மூட்டுவாதம் போன்று நீடிக்கும் வியாதிகளுக்கு அது பயன்படாது. வாழ்நாட் பத்திரமோ, புதுப்பித்துவரும் வரை, ஆண்டுதோறும் குறித்த தொகை வரைக்கும் தரும். அத்தகைய பத்திரம் உடையவர் சிறு இலாபம் கருதி வேறு கம்பனிக்கு மாறுவது, என் எண்ணத்தில், அறிவுடைமை ஆகாது. பழைய கம்பனி ஏற்றிருந்த நோய்கள் யாவும் புதிய கம்பனிக்கு முந்திய நோய்களாகிவிடும்.

நாய்க்கு ஏற்கெனவே பல நோய்கள் இருப்பின், அக்கட்டணத்தை மாதந்தோறும் வங்கியில் இடுவதே மேல் எனலாம். ஆயினும் மூன்றாம் மாதத்திலேயே சத்திரசிகிச்சை நேரின் அச்சேமிப்பு போதாது. வறியோருக்கு, 1917இல் மரியா டிக்கின் அம்மையார் தொடங்கிய தருமவைத்தியசாலைகள் இன்றும் இலவசமாகவோ குறைந்த செலவிலோ உதவுகின்றன. கம்பனி நியாயமின்றிப் பணம் மறுத்ததாகக் கருதுவோர் முதலில் கம்பனியிடமே முறையிடவேண்டும். எட்டு வாரத்துள் முடிவு கிட்டாவிடின், அல்லது கிட்டிய முடிவு திருப்தி அளிக்காவிடின், நிதிச்சேவைகளுக்கான குறைகேள் அதிகாரியிடம் முறையிடலாம். அதற்குக் கட்டணம் இல்லை.