தற்காலிக வரலாற்று விரிவுரையாளர் பணி (ஐக்கிய இராச்சியம்)

தற்காலிக விரிவுரையாளர் பணி என்பது, பல்கலைக்கழகம் ஒன்று குறிப்பிட்ட காலத்திற்கு மட்டும் ஒருவரை ஆசிரியராக அமர்த்தும் முறையாகும். ஐக்கிய இராச்சியப் பல்கலைக்கழகங்களின் வரலாற்றுத் துறைகளில் இது பரவலாக உள்ளது. முனைவர் பட்டம் பெற்ற பலருக்கு இதுவே முதல் ஆசிரியப் பணியாக அமைகிறது. தொடக்க நவீன கால வரலாற்றைக் கற்பிப்பதற்கான தற்காலிகப் பணியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை இம்முறையை விளக்குகிறது.

தொடக்க நவீன காலம்

ஐரோப்பிய வரலாற்றில் ஏறத்தாழ 1500 முதல் 1800 வரையுள்ள காலம் தொடக்க நவீன காலம் எனப்படுகிறது. அச்சு நூல்களின் பரவல், 1517-இல் மார்ட்டின் லூதர் தொடங்கிய சமயச் சீர்திருத்தம், கிழக்கிந்திய நிறுவனங்களின் கடல் வணிகம், ஆங்கிலேய உள்நாட்டுப் போர், 1789-இன் பிரெஞ்சுப் புரட்சி ஆகியவை இதில் அடங்கும். இடைக்கால வரலாறு, தற்கால வரலாறு ஆகியவற்றைப் போலவே இதுவும் தனித் தேர்ச்சி வேண்டும் பிரிவாகும்.

பணி உருவாகும் காரணங்கள்

நிரந்தரப் பேராசிரியர் ஒருவர் லெவர்யூம் அறக்கட்டளை, பிரித்தானியக் கழகம் போன்ற அமைப்புகளின் நிதி பெற்று ஆய்வு விடுப்பில் செல்லும்போது, அவருடைய வகுப்புகளை நடத்த மாற்று ஆசிரியர் தேவைப்படுகிறார். மகப்பேறு விடுப்பும் நிர்வாகப் பொறுப்பும் பிற காரணங்கள். மாணவர் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு மாறுவதும் ஒரு காரணமாகும். இங்கிலாந்தில் மாணவர் சேர்க்கைக்கு அரசு விதித்திருந்த உச்சவரம்பு 2015-இல் நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டு எத்தனை பேர் சேர்வார்கள் என்று உறுதியாகத் தெரியாத துறைகள் நிரந்தரப் பணியிடம் உருவாக்கத் தயங்குகின்றன.

"டீச்சிங் ஃபெலோ", "லெக்சரர்" ஆகிய பெயர்களில் இப்பணிகள் விளம்பரப்படுத்தப்படுகின்றன. பணிக்காலம் பெரும்பாலும் 9 முதல் 12 மாதங்கள்; சிலவற்றில் 2 அல்லது 3 ஆண்டுகள். செப்டம்பரில் தொடங்கும் 9 மாதப் பணி மே இறுதியில் முடிந்துவிடுவதால், கோடை மாதங்களுக்கு ஊதியம் இராது.

கற்பித்தல் பணி

இப்பணியில் அமர்பவர் பொதுவாக முதலாண்டு மாணவருக்கான விரிவுரைகள், சிறு குழு வகுப்புகள், இறுதியாண்டு ஆய்வேட்டு வழிகாட்டல், விடைத்தாள் திருத்தம் ஆகியவற்றைச் செய்கிறார். பாடத்திட்டம் பெரும்பாலும் விடுப்பில் சென்றவர் வகுத்ததாக இருக்கும். எனவே தம் ஆய்வுக்குத் தொடர்பில்லாத தலைப்புகளையும் புதிதாகப் படித்துத்தான் வகுப்புக்குச் செல்ல வேண்டும்.

மூல ஆவணங்களைப் படிக்கப் பழக்குவது இப்பாடத்தின் முக்கியப் பகுதி. இங்கிலாந்தில் 1752 வரை சட்டப்படியான புத்தாண்டு மார்ச் 25-இல் தொடங்கியது. எனவே, இன்றைய கணக்கில் 1649 சனவரி 30-இல் நடந்த முதலாம் சார்லசு மன்னரின் மரண தண்டனை, அக்கால ஆவணங்களில் 1648 சனவரி என்று காணப்படும். இதை அறியாத மாணவர் நிகழ்ச்சிகளை ஓராண்டு முன்தள்ளி எழுதிவிடக்கூடும். 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் வழங்கிய "செக்ரட்டரி" கையெழுத்து முறையும் இன்றைய ஆங்கில எழுத்திலிருந்து பெரிதும் வேறுபட்டது. அதில் "சி" என்ற எழுத்து இன்றைய "ஆர்" போலத் தோன்றும். இதைப் பழகப் பல மாதப் பயிற்சி வேண்டும்.

ஆய்வும் அடுத்த பணியும்

பல்கலைக்கழகங்களின் ஆய்வுத் தரம் 1986 முதல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நாடளவில் மதிப்பிடப்படுகிறது. அரசின் ஆய்வு நிதியில் ஒரு பகுதி இதன் அடிப்படையில் பகிரப்படுகிறது. ஆகவே, நிரந்தரப் பணிக்குத் தேர்ந்தெடுக்கும்போது விண்ணப்பதாரர் வெளியிட்ட நூலும் கட்டுரைகளும் பெரிதும் கருதப்படுகின்றன. ஆனால் கற்பித்தலுக்கு மட்டும் அமர்த்தப்பட்டவரின் பணி நேரத்தில் ஆய்வுக்கு இடம் இல்லை.

முரண்பாடு இங்கேதான் எழுகிறது. தற்காலிக ஆசிரியர் எந்த வேலைக்காக ஊதியம் பெறுகிறாரோ, அந்த வேலை மட்டும் அவருக்கு அடுத்த பணியைப் பெற்றுத் தருவதில்லை. தொடக்க நவீன கால ஆய்வில் இச்சிக்கல் கூடுதலாக உள்ளது. அச்சு நூல்கள் பல இணையத்தில் கிடைத்தாலும், நீதிமன்றப் பதிவுகள், தேவாலயக் கணக்குகள் போன்ற கையெழுத்து ஆவணங்கள் பலவற்றை ஆவணக்காப்பகத்தில் அமர்ந்தே படிக்க வேண்டும். சோழமண்டலக் கடற்கரையில் நடந்த டச்சு வணிகத்தை ஆராய்பவர், டென் ஹாக் நகரிலும் சென்னை எழும்பூரிலும் உள்ள ஆவணங்களை நாட வேண்டியிருக்கும். அதற்கான கோடைக்காலமோ ஊதியமற்ற காலமாகவும், அடுத்த பணிக்கு விண்ணப்பிக்கும் காலமாகவும் கழிகிறது.

சட்டப் பாதுகாப்பு

1987 நவம்பர் 20-க்குப் பின் நியமனமோ பதவி உயர்வோ பெற்ற ஆசிரியர்களுக்கு, ஆட்குறைப்பிலிருந்து காத்த பழைய பணிப்பாதுகாப்பு 1988-ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தச் சட்டத்தால் நீங்கியது. தற்காலிக ஊழியர்களைப் பாகுபாட்டுடன் நடத்துவதைத் தடுக்கும் விதிகள் 2002-இல் நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி, ஒரே நிறுவனத்தில் அடுத்தடுத்த ஒப்பந்தங்களில் 4 ஆண்டுகள் தொடர்ந்து பணியாற்றியவர், தக்க காரணம் காட்டப்படாவிட்டால் நிரந்தர ஊழியராகக் கருதப்படுவார். ஆயினும் ஆண்டுதோறும் வெவ்வேறு பல்கலைக்கழகத்தில் பணியாற்றுபவருக்கு ஒவ்வொரு முறையும் இக்கணக்கு முதலிலிருந்து தொடங்குகிறது.

பல்கலைக்கழக, கல்லூரி ஆசிரியர் சங்கம் 2019 முதல் நடத்திய வேலைநிறுத்தங்களில் ஊதியம், பணிச்சுமை, சமத்துவம் ஆகியவற்றுடன் தற்காலிகப் பணிமுறையும் ஒரு கோரிக்கையாக இருந்தது.

தமிழ்நாட்டுடன் ஒப்பீடு

தமிழ்நாட்டு அரசுக் கலைக் கல்லூரிகளில் உள்ள கௌரவ விரிவுரையாளர் முறை இதனுடன் ஒப்பிடத்தக்கது. அங்கு நிரந்தர நியமனம் நடைபெறாத காலியிடங்களில் கௌரவ விரிவுரையாளர்கள் கற்பிக்கின்றனர். ஐக்கிய இராச்சியத்திலோ பல நேரங்களில் திரும்பி வரவிருக்கும் ஒருவரின் இடத்தில் தற்காலிக ஆசிரியர் நிற்கிறார். எனவே அவர் எவ்வளவு சிறப்பாகக் கற்பித்தாலும் அதே இடத்தில் தொடர வாய்ப்பு குறைவு.

மாணவர்கள் மீதான விளைவு

முனைவர் பட்டத்தை அண்மையில் முடித்தவர்கள் என்பதால், தற்காலிக ஆசிரியர்கள் புதிய ஆய்வுகளை வகுப்புக்குக் கொண்டுவருகின்றனர். இது மாணவருக்கு நன்மை. ஆனால் இரண்டாம் ஆண்டில் ஒருவரிடம் படித்து, அவருடைய துறையில் ஆய்வேடு எழுத விரும்பும் மாணவர், மூன்றாம் ஆண்டில் அவர் அங்கு இல்லை என்பதைக் காண நேரிடுகிறது. மேற்படிப்புக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்க வேண்டிய ஆசிரியரின் பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரியும் அதற்குள் முடக்கப்பட்டிருக்கலாம். ஆகையால், இத்தகைய ஆசிரியரிடம் படிக்கும் மாணவர்கள் பரிந்துரைக் கடிதத்தையும் நிலையான தொடர்பு முகவரியையும் கல்வியாண்டு முடிவதற்கு முன்பே கேட்டுப் பெறுவது நல்லது.