கண் மருத்துவக் கல்விக்கு ஊராட்சி நூலகத்தில் ஓர் அலமாரித் தட்டு

(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் எழுதியது)

உழவுத் தொழிலுக்குக் கண் இன்றியமையாதது. பயிரையும் களையையும் பிரித்தறிவதும், விதை நெல்லில் பதரை நீக்குவதும், இலையின் அடியில் ஒட்டியிருக்கும் பூச்சியைக் கண்டுகொள்வதும் கண்ணின் பணிகளே. ஆயினும் காய்ச்சலுக்கும் வயிற்றுவலிக்கும் உடனே மருத்துவரை நாடும் நம் மக்கள், பார்வை மங்கினால் மட்டும் “வயதாகிவிட்டது” என்று சொல்லி இருந்துவிடுகின்றனர்.

2015 முதல் 2019 வரை நம் நாட்டில் பார்வையிழப்புப் பற்றித் தேசிய அளவில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. ஐம்பது வயதைக் கடந்தவர்களிடம் காணப்பட்ட பார்வையின்மையில் நூற்றுக்கு 66 பங்கு கண்புரையால் நேர்ந்தது என்று அது தெரிவித்தது. கண்புரை அறுவை சிகிச்சையால் நீங்கக்கூடியது. அப்படியிருந்தும் இத்துணைப் பேர் இருளில் வாழக் காரணம் யாது? உரிய காலத்தில் நோயைக் கண்டு, உரிய இடத்திற்கு அனுப்பிவைக்கும் பயிற்சி பெற்றோர் கிராமங்களுக்கு அருகில் போதிய அளவு இல்லாமையும் ஒரு பெருங்காரணமாகும். அத்தகையோர் நம் ஊர்ப் பிள்ளைகளிலிருந்தே உருவாக வேண்டும். அவர்கள் பயில வேண்டிய நூல்கள் எவை, அவற்றைப் பெற ஊராட்சி எவ்வாறு உதவலாம் என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

கண் பணியாளர் யார் யார்?

கண்ணைப் பற்றிய பணியில் பல படிகள் உண்டு. மருத்துவப் பட்டம் பெற்றுப் பின் கண்ணியலில் மேற்படிப்பு முடித்தவர் கண் மருத்துவர். அறுவை சிகிச்சை செய்பவர் இவரே. பார்வையை அளந்து கண்ணாடி எழுதித் தருபவரும், நோயின் அறிகுறி கண்டால் மருத்துவரிடம் அனுப்புபவரும் ஆப்டோமெட்ரிஸ்ட் எனப்படுவர். நம் மாநிலத்தில் இப்படிப்பு நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பாக நடைபெறுகிறது. பள்ளியில் அறிவியல் பாடம் பயின்றவர்கள் சேரலாம். ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் முகாம்களிலும் பணிபுரிவோர் கண் மருத்துவ உதவியாளர்கள். எழுதித் தந்த எண்ணுக்கு ஏற்பக் கண்ணாடியைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துபவர் கண்ணாடிக் கடைக்காரர். இந்நால்வரின் வேலையும் வேறு வேறு என்பதை நம் மக்கள் அறிந்திருத்தல் நலம். 2021-ஆம் ஆண்டில் நிறைவேறிய துணை மருத்துவத் தொழில்கள் பற்றிய தேசியச் சட்டம், ஆப்டோமெட்ரியையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்துள்ளது. ஆகவே இது வருங்காலத்தில் மதிப்பு மிகுந்த தொழிலாக விளங்கும்.

நம் பகுதியின் வாய்ப்புகள்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதி மக்கள் இத்துறையில் பேறு பெற்றவர்கள் எனலாம். எழும்பூரிலுள்ள அரசு கண் மருத்துவமனை 1819-இல் ராயப்பேட்டையில் தொடங்கப்பட்டு, 1844-இல் எழும்பூருக்கு மாறியது. உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் இதுவும் ஒன்று. கண்நீர் அழுத்த நோய்க்குக் கண்ணில் நுண்துளையிட்டு நீரை வடியச் செய்யும் முறையை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகறியச் செய்த ராபர்ட் ஹென்றி எலியட் இங்குத்தான் கண்காணிப்பாளராய் இருந்தார். சங்கர நேத்ராலயா நிறுவனத்தார் 1985-இல் சென்னையில் எலைட் ஆப்டோமெட்ரி பள்ளியைத் தொடங்கினர். 1976-இல் மதுரையில் மருத்துவர் கோ. வெங்கடசாமி பதினொரு படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 2017-இல் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நூம்பலிலும் தன் கிளையைத் திறந்தது. கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்துக் கண் பணியில் பயிற்றுவிக்கும் முறைக்கு அந்நிறுவனம் பெயர் பெற்றது. பூந்தமல்லியிலேயே பார்வையற்றோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளியும், பார்வைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்தின் வட்டார மையமும் உள்ளன. மருத்துவத்தால் மீட்க இயலாத பார்வையுடையோருக்கு எவ்வாறு மறுவாழ்வு அளிப்பது என்பதை மாணவர் நேரில் கண்டறிய இவை துணைபுரியும்.

இவ்வளவும் அருகில் இருந்தும், பாடநூல்களின் விலையும் ஆங்கில மொழியும் நம் பிள்ளைகளுக்குத் தடையாக நிற்கின்றன. கல்லூரியில் நூலகம் உண்டு. விடுமுறையில் ஊருக்கு வந்தால் கையில் நூல் இல்லை. படிப்பில் சேரலாமா என்று எண்ணும் பள்ளி மாணவருக்கோ அந்நூல்களின் பெயரும் தெரிவதில்லை.

தொடக்கத்தில் பயில வேண்டியவை

கண்ணாடிக் கல்வியின் அடிப்படை ஒளியியல். குவி வில்லை ஒளியைக் குவிக்கும். குழி வில்லை ஒளியை விரிக்கும். கிட்டப்பார்வைக்குக் குழி வில்லையும், தூரப்பார்வைக்கும் வெள்ளெழுத்துக்கும் குவி வில்லையும் தருவது இதனாலேயே. இதனைத் தமிழிலேயே தெளிவாகக் கற்கத் தமிழ்நாடு அரசின் மேல்நிலை இரண்டாம் ஆண்டு இயற்பியல் பாடநூல் போதும். அதில் கதிர் ஒளியியல் பகுதியை ஐயமறக் கற்ற மாணவர், கல்லூரியின் முதலாண்டில் தடுமாறமாட்டார். தமிழ்க் கலைச்சொற்களுக்கும் பொது அறிவுக்கும், தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியம் உதவும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் வழியே அதனை இலவசமாகப் படிக்கலாம். ஆனால் அதிலுள்ள மருத்துவச் செய்திகள் அக்காலத்தவை என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

மருத்துவத்தைத் தமிழில் கற்பிக்க இயலுமா என்று ஐயுறுவோருக்கு ஒரு வரலாற்றுச் செய்தி. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், மானிப்பாயில் மருத்துவப் பள்ளி நடத்தி, உடற்கூற்று நூல்களைத் தமிழாக்கி, அறுபதுக்கும் மேற்பட்டோரை மருத்துவராக்கினார். அவர்களுட் பலர் தமிழிலேயே பயின்றவர்கள். தாய்மொழியில் ஒருமுறை விளங்கிக்கொண்ட பொருளை ஆங்கிலத்தில் படிப்பது எளிது.

பட்டப்படிப்புக்கு உரியவை

கண் மருத்துவ உதவியாளராகப் பயில்வோருக்கு, ஸ்டைன், ஸ்லாட் முதலியோர் எழுதி 1968-இல் முதலில் வெளிவந்த ‘தி ஆப்தால்மிக் அசிஸ்டன்ட்’ ஏற்ற நூல். நோயாளியிடம் விவரம் கேட்பது முதல் கருவிகளைத் துடைத்து வைப்பது வரை வேலையை முறைப்படி கூறுகிறது.

ஆப்டோமெட்ரி மாணவருக்கு இந்திய ஆசிரியர் ஏ. கே. குரானா எழுதிய இரு நூல்கள் பெரிதும் பயன்படும். ஒன்று கண்ணியல் முழுவதையும் கூறுவது. மற்றொன்று ஒளியியலும் பார்வை அளத்தலும் பற்றியது. நம் நாட்டுத் தேர்வுமுறையை நோக்கி எழுதப்பட்டமையால் இவற்றின் நடை மாணவருக்கு எளிதில் விளங்கும்.

ஜான் ஹெர்பர்ட் பார்சன்ஸ் 1907-இல் வெளியிட்ட கண் நோய்கள் பற்றிய நூல் இன்றும் வழக்கில் உள்ளது. பிற்காலப் பதிப்புகளைத் திருத்தியவர்கள் டில்லியைச் சேர்ந்த நம் நாட்டு மருத்துவர்களே. பார்வை அளத்தலுக்கு டியூக் எல்டர் 1928-இல் எழுதிய நூலும், இர்வின் போரிஷ் 1949-இல் எழுதிய ‘கிளினிகல் ரிஃப்ராக்‌ஷன்’ என்னும் விரிவான நூலும் ஆசிரியர்களால் மதிக்கப்படுவன. பின்னது பெருநூல், ஒருவர் தனியே வாங்குவதைவிட நூலகத்தில் வைத்துப் பலர் பயில்வதற்கு உரியது. நோய்களைப் படத்துடன் கண்டு அறிய, 1984-இல் முதற்பதிப்பு வந்த ஜாக் கான்ஸ்கியின் நூல் சிறந்தது.

கிராமப் பணிக்கு உரியவை

பெரு நகர மருத்துவமனையை மனத்திற் கொண்டு எழுதிய நூல்கள் கிராமத்திற்கு முழுதும் பொருந்தா. ஜான் சாண்ட்ஃபோர்டு ஸ்மித் எழுதிய வெப்ப நாடுகளின் கண் நோய்கள் பற்றிய நூல், விலையுயர்ந்த கருவி இல்லாத இடத்தில் நோயை எவ்வாறு கண்டறிவது என்று காட்டுகிறது. லண்டனிலிருந்து 1988 முதல் வெளிவரும் ‘கம்யூனிட்டி ஐ ஹெல்த்’ என்னும் இதழை இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம்; அதன் ஆங்கிலமும் எளியது. 1953-இல் தொடங்கப்பெற்ற இந்தியக் கண்ணியல் இதழையும் இணையத்தில் படிக்கலாம்.

இவ்வாராய்ச்சிச் செய்திகளால் உழவருக்கு என்ன பயன்? இரண்டு சான்றுகள் கூறுவேன்.

முதலாவது, அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் நடந்த ஓர் ஆய்வு, 2018-இல் வெளியாயிற்று. நாற்பது வயதைக் கடந்த 751 தொழிலாளர் அதில் பங்குகொண்டனர். அவர்களுள் ஒரு பகுதியினருக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி அளிக்கப்பட்டது. கண்ணாடி பெற்றோர் பறித்த இலையின் அளவு, பெறாதோரைக் காட்டிலும் ஏறத்தாழ நூற்றுக்கு 22 பங்கு கூடுதலாயிற்று. மலிவான ஒரு கண்ணாடி கூலியை உயர்த்தும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இரண்டாவது, கருவிழிப் புண் பற்றியது. மதுரையில் 1990-களில் ஆராயப்பட்ட 434 நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினருக்குக் கண்ணில் காயம்பட்ட பின்னரே புண் ஏற்பட்டிருந்தது. நெல் தாளோ உமியோ கீறிய சிறு காயத்தில் பூஞ்சைக் கிருமி புகுந்துவிட்டால் கண்ணே போய்விடக் கூடும். நேபாளத்தில் பக்தபூர் வட்டாரத்தில் கிராமப் பணியாளர்களைப் பயிற்றுவித்து, கருவிழி கீறிய 442 பேருக்கு ஆன்டிபயாடிக் களிம்பை மூன்று நாள் இடச் செய்தனர். நூற்றுக்கு 96 பேருக்குப் புண் உண்டாகவில்லை. காயம்பட்ட பதினெட்டு மணி நேரத்திற்குள் வந்தவரில் ஒருவருக்கேனும் புண் வரவில்லை. ஒரு நாள் கழித்து, இரண்டாம் நாளில் வந்த 38 பேரில் 11 பேருக்கு வந்துவிட்டது. காலம் தாழ்த்துவதன் விலை இதுவே.

ஊரில் கண்ணில் உமி விழுந்தால் தாய்ப்பாலும் விளக்கெண்ணெயும் நந்தியாவட்டைச் சாறும் விடுவோர் இன்றும் உளர். கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தை விடுவோரும் உளர். அதில் ஸ்டீராய்டு கலந்திருப்பின் பூஞ்சைப் புண் மேலும் பரவும். கண் படிப்புப் படிக்கும் பிள்ளை ஊரில் ஒருவர் இருந்தால் அக்கம்பக்கத்தார் முதலில் அவரைத்தான் கேட்பர். அவர் சரியான நூலைப் படித்தவராயின், தூய நீரால் கழுவச் செய்து, அன்றே மருத்துவரிடம் அனுப்புவார். ஒரு கண் பிழைக்கும்.

எதைப் புதிதாக, எதைப் பழையதாக வாங்கலாம்?

நூல் வாங்குவதில் சிக்கனமும் வேண்டும், கவனமும் வேண்டும். ஒளி வளையும் விதி மாறுவதில்லை. ஆகையால் ஒளியியல், பார்வை அளத்தல், கண்ணின் அமைப்பு ஆகியவை பற்றிய நூல்களைப் பழைய பதிப்பாகக் குறைந்த விலைக்கு வாங்கினும் பெரிய குறைவில்லை. மருந்து, அறுவை சிகிச்சை, நோய் நீக்கும் முறை ஆகியவை ஆண்டுதோறும் மாறுவன. அவற்றைக் கூறும் நூல்களைப் புதிய பதிப்பாகவே வாங்க வேண்டும். பழைய மருந்து நூல் அலமாரிக்கு அழகு செய்யலாம். நோயாளிக்குத் தீங்கு செய்யும். இதழ்களுக்கும் பாடநூல்களுக்கும் இணையத்தில் இலவச வழி உள்ளபோது அவற்றுக்குப் பணம் செலவிட வேண்டுவதில்லை.

ஊராட்சி செய்யக்கூடியவை

1948-இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்ட பொது நூலகச் சட்டம் நம் நாட்டில் இத்துறைக்கு முன்னோடி. வீட்டுவரியுடன் நூலக வரி தண்டப்படுவது அச்சட்டத்தின் வழியே. 2006-இல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகளில் நூலகக் கட்டடங்கள் எழுந்தன. வரியும் கட்டடமும் உள்ளபோது, ஊருக்கு வேண்டிய நூலைக் கேட்டுப் பெறுவது உறுப்பினர்களின் கடமை. பின்வருவனவற்றை அவர்கள் ஆராயலாம்.

1. ஊராட்சியில் துணை மருத்துவப் படிப்புப் பயிலும், பயில விரும்பும் மாணவர்களின் பட்டியலைத் தயாரித்தல்.

2. அவர்களுக்கு வேண்டிய நூல்களை எழுதி மாவட்ட நூலக அலுவலருக்கு விண்ணப்பித்தல். அருகிலுள்ள நான்கைந்து ஊராட்சிகள் கூடிப் பெருநூல்களை ஆளுக்கொன்றாகக் கேட்டுப் பெற்று மாற்றிக்கொள்ளலாம்.

3. படிப்பு முடித்தவர்களிடமிருந்து பழைய ஒளியியல் நூல்களை நன்கொடையாகப் பெறுதல்.

4. நூலகத்துக் கணினியில் இலவச இதழ்களின் முகவரிகளை எழுதி ஒட்டிவைத்தல்.

5. நூலகச் சுவரில் ‘ஈ’ வடிவ எழுத்துப் பலகை ஒன்றை மாட்டி, ஆறு மீட்டர் தூரத்தில் தரையில் கோடிடுதல். 1862-இல் ஸ்நெல்லன் வகுத்த எழுத்துப் பலகை முறையைத் தழுவியது இது. எழுத்தறியாதவரும் கையால் திசை காட்டித் தம் பார்வையைச் சோதித்துக்கொள்ளலாம். ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்க்க வேண்டும். கீழ் வரிகள் தெரியாதோர் ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்ல வேண்டும்.

நெல்லும் மலரும் விளைந்த நம் பகுதி நிலங்கள் மனைகளாகவும் தொழிற்கூடங்களாகவும் மாறிவருகின்றன. வயலில் நெல் தாள் குத்திய கண்ணில், இன்று பட்டறையில் இரும்புத் துகள் தெறிக்கிறது. தொழில் எதுவாயினும் கண் காக்கப்பட வேண்டியதே. சாலைக்கும் குடிநீருக்கும் தீர்மானம் நிறைவேற்றும் ஊராட்சி உறுப்பினர்கள், அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இந்த ஓர் அலமாரித் தட்டுக்கும் ஒரு தீர்மானம் கொண்டுவருவார்களாக. அதில் வைக்கும் நூல்களைப் படித்துத் தேறும் பிள்ளை நாளை நம் கண்ணைப் பார்க்கப்போகும் பிள்ளை.