நீதிபதியை நியமிப்பது யார்?

உங்கள் நிலத்தைச் சர்க்கார் எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் கோர்ட்டுக்குப் போகிறீர்கள். எதிராளி சர்க்கார். நீதிபதியையும் அதே சர்க்கார் தன் இஷ்டப்படி நியமித்திருந்தால், உங்களுக்கு நம்பிக்கை வருமா?

இந்தக் கேள்வி அரசியல் சட்டம் எழுதும்போதே எழுந்தது.

லஸ் சர்ச் ரோடு வக்கீல்

மயிலாப்பூர் லஸ் சர்ச் ரோட்டில் வசித்தவர் அல்லாடி கிருஷ்ணசாமி அய்யர். பேர்போன வக்கீல். சட்டத்தின் நகலை எழுதிய குழுவில் அவரும் ஒருவர். தலைவர், டாக்டர் அம்பேத்கர்.

நீதிபதிகளைக் கலந்து ஆலோசித்து ஜனாதிபதி நியமிப்பார் என்றது அந்த நகல். ஜனாதிபதி என்றால், நடைமுறையில் மந்திரிசபைதான்!

1949 மே 24-ந் தேதி அரசியல் நிர்ணய சபையில் விவாதம் நடந்தது. தலைமை நீதிபதியின் சம்மதம் கட்டாயம் வேண்டும் என்றார், சென்னை உறுப்பினர் போக்கர் சாகிப். அம்பேத்கர் ஏற்கவில்லை. தலைமை நீதிபதியும் மனிதர்தான். அவருக்கும் விருப்பு வெறுப்பு உண்டு என்றார்.

மூவர் ராஜினாமா

1973 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டுத் தலைமை நீதிபதி பதவி காலியாயிற்று. ஷெலத், ஹெக்டே, குரோவர் மூவரும் மூத்தவர்கள். அரசியல் சட்ட வழக்கில் சர்க்காருக்குப் பிடிக்காத தீர்ப்பு எழுதியவர்கள். அவர்களைத் தாண்டி ஏ.என்.ராய் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். மூவரும் ராஜினாமா செய்தார்கள்.

சாவி கை மாறியது

1993-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்புச் சொன்னது. தலைமை நீதிபதியும் மூத்த நீதிபதிகளும் சொல்வதே முக்கியம் என்றது. இந்தக் குழுவுக்குக் 'கொலீஜியம்' என்று பெயர்.

இப்போது வேறு குறை கிளம்பியது. நீதிபதிகளே மூடிய அறையில் நீதிபதிகளைத் தேர்ந்தெடுப்பதா? 2014-ல் பார்லிமெண்டு புதுச் சட்டம் செய்தது. சட்ட மந்திரியும் இடம்பெறும் 6 பேர் கமிஷன்! அது செல்லாது என்று 2015 அக்டோபர் 16-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 5 நீதிபதிகளில் 4 பேர் தீர்ப்பு அது.

என்ன வழி?

கொலீஜியம் பெயர் சொன்னாலும், நியமன உத்தரவு சர்க்காரிடமிருந்துதான் வரவேண்டும். சில பெயர்கள் மாதக்கணக்கில் கிடப்பில் கிடக்கின்றன. நாற்காலி காலி, ஏழையின் வழக்குக்கு வாய்தா!

2017 முதல் கொலீஜியம் தன் முடிவுகளை வெளியிடுகிறது. நல்ல ஆரம்பம். இன்னும் இரண்டு வேண்டும். ஒருவரைத் தேர்ந்தெடுத்தாலும் ஒதுக்கினாலும் காரணம் சொல்லவேண்டும். சர்க்கார் பதில் சொல்லக் கெடு வேண்டும்.

சாவி யார் கையில் இருந்தாலும், பூட்டைத் திறப்பது ஊரார் கண்ணெதிரே நடக்கட்டும். அப்போதுதான் நிலத்தை இழந்தவர் நம்பிக்கையோடு கோர்ட்டுப் படி ஏறுவார்.